பானம் நம்முடையது; கப்பல் யாருடையது?



ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிச் சீமையில் சாரல் விழத் தொடங்கிவிட்டால், குடும்பங்கள் குற்றாலத்தை நோக்கிப் புறப்பட்டுவிடும். எந்தக் குடும்பமும் வெறுங்கையோடு போவதில்லை. பிளாஸ்க்கில் சுக்குக் காப்பி, போத்தலில் நன்னாரி சர்பத், தூக்குவாளியில் எலுமிச்சைச் சாறு, குழந்தைக்குக் காய்ச்சி ஆறவைத்த பால் என்று நம் இல்லத்தரசிகள் பார்த்துப் பார்த்து எடுத்து வைப்பார்கள். இது நல்ல வழக்கம்தான். செலவு மிச்சம், சுத்தம் நம் பொறுப்பில் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக, குடிப்பது ஹலாலானது என்ற மனநிறைவு இருக்கிறது.

இப்போது அந்தப் பயணப் பை வேறு இடங்களுக்கும் போகிறது. 2022 ஜூன் 4ஆம் நாள் சென்னைத் துறைமுகத்தில் கொர்டீலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ சொகுசுக் கப்பலை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பெற்றோரை அழைத்துச் சென்று, அங்கிருந்து புறப்படும் கப்பல்களில் மூன்று நாள், நான்கு நாள் சுற்றிக் காட்டுகிறார்கள். அப்படிப் புறப்படும் குடும்பங்களில் எழும் கேள்வி ஒன்றுதான்: ‘கப்பலில் எங்கும் மது இருக்குமாமே! நம்முடைய பானத்தை நாமே கொண்டுபோனால் என்ன?’

சிறிய கேள்விதான். ஆனால் இதற்குள் பெரிய விஷயம் ஒன்று அடங்கியிருக்கிறது.

அன்றைய கப்பல்கள்

கப்பலேறுவோர் உணவும் பானமும் கட்டிக்கொண்டு போவது நம் முன்னோருக்குப் புதிதன்று. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்பெயின் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர், ஹஜ்ஜை முடித்துத் திரும்புகையில், 1184 அக்டோபரில் அக்கா துறைமுகத்தில் ஜெனோவா நாட்டவரின் கப்பலில் ஏறினார். காற்று சாதகமாக வீசாமல் பயணம் நீண்டுகொண்டே போனது. கொண்டுவந்த உணவு தீர்ந்தவர்கள் கப்பலுக்குள்ளேயே மாதுளை முதல் வெங்காயம் வரை விலைக்கு வாங்க முடிந்தது என்று அவருடைய பயண நூல் கூறுகிறது. கப்பல் ஒரு சந்தையாகவும் இருந்தது என்பது எட்டு நூற்றாண்டுக்கு முந்தைய செய்தி!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாயிலிருந்து சென்ற ஹஜ் கப்பல்களில் நிலைமை வேறு. பயணிகளே அரிசி, பருப்பு, மாவு கொண்டுவந்து மேல்தளத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்து உண்டார்கள். குடிநீரும் விறகும் கொடுப்பது கப்பலின் கடமையாக இருந்தது. பிற்காலத்தில் கப்பலிலேயே உணவு வழங்கும் முறை வந்தது. பம்பாய் – ஜித்தா ஹஜ் கப்பல் பயணமே 1995ஆம் ஆண்டோடு நின்றுபோனது.

தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்திற்கு இன்னும் நெருக்கமான கப்பல் ‘ரஜூலா’. 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் வரை சென்றது. நம் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் போன குடும்பங்கள் பல. அந்நாளைய தளப் பயணிகளுக்குப் படுக்கவும் உண்ணவும் திறந்த தளமே இடம். ஊரிலிருந்து கட்டிவந்த சிற்றுண்டியும் பானமும் அவர்களுக்கு ஆடம்பரம் அல்ல, அவசியம். கப்பல்காரரும் அதைத் தடுக்கவில்லை.

ஆக, அன்று கொண்டுபோனது கப்பல் ஏற்றுக்கொண்ட முறைப்படியே நடந்தது. இன்றைய சொகுசுக் கப்பலின் முறையோ முற்றிலும் வேறு.

இன்று ஏன் தடுக்கிறார்கள்?

இன்றைய சொகுசுக் கப்பல் மிதக்கும் ஓட்டலுக்கு ஒப்பானது. பயணச் சீட்டின் விலையை ஓரளவு குறைத்து வைத்து, உள்ளே விற்கும் பானங்கள், சூதாட்டக் கூடம், கடைகள், கரைச் சுற்றுலா ஆகியவற்றில் லாபம் பார்ப்பது அதன் வணிக முறை. ஆகவே வெளிப் பானத்திற்கு வரம்பு கட்டுகிறார்கள். மறைத்துக் கொண்டுவரும் மதுவினால் கப்பலுக்குள் கலகமும் விபத்தும் நேர்வது மற்றொரு காரணம்.

வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அமெரிக்காவின் கார்னிவல் நிறுவனம் கண்ணாடி, பிளாஸ்டிக் போத்தல்களில் அடைத்த மதுவல்லாத பானங்களை அனுமதிப்பதில்லை. மதுவல்லாத பானம் என்றால், ஏறும் நாளில் மட்டும், கைப்பையில், ஆளுக்கு 12 சிறு டின்கள் அல்லது அட்டைப் பெட்டிகள் வரை கொண்டுவரலாம். அவை உடைக்கப்படாத முத்திரையோடு இருக்க வேண்டும். வேறு சில நிறுவனங்களில் குடிநீர்ப் போத்தலுக்கே இடமில்லை. பெட்டிகள் எக்ஸ்ரே கருவி வழியாகத்தான் உள்ளே போகும். அகப்பட்டதை எடுத்து வைத்துக்கொள்வார்கள் அல்லது அழித்துவிடுவார்கள். வீட்டில் காய்ச்சிப் போத்தலில் அடைத்த நன்னாரி சர்பத்துக்கு முத்திரை ஏது? அதிகாரி அதை முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

இங்கேதான் ஒரு தீய யோசனை நுழைகிறது. ஷாம்பு போத்தலில் மதுவை ஊற்றிக் கடத்துவோர் உலகெங்கும் இருக்கிறார்கள். ‘அவர்கள் ஹராமைக் கடத்துகிறார்கள், நாம் ஹலாலைத்தானே துணிக்கு நடுவே சுருட்டி வைக்கிறோம்?’ என்று நம்மவரில் சிலர் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஒரே அத்தியாயத்தின் இரண்டு கட்டளைகள்

வாசகர்களே, சற்றே சிந்தித்துப் பாருங்கள். மதுவை விட்டு விலகும்படி ஆணையிடும் வசனம் அருள்மறையில் எங்கே இருக்கிறது? ஐந்தாம் அத்தியாயமான அல்மாயிதாவின் 90ஆம் வசனத்தில். அதே அத்தியாயத்தின் முதல் வசனம் எதைச் சொல்கிறது? ஈமான் கொண்டவர்கள் தாம் செய்த ஒப்பந்தங்களை நிறைவேற்ற வேண்டும் என்கிறது! 90ஆம் வசனத்திற்குப் பணிந்து மதுவைத் தவிர்ப்பவர், முதல் வசனத்தை மீறிப் போத்தலை ஒளிப்பது எப்படிப் பொருந்தும்?

பயணச் சீட்டு ஓர் ஒப்பந்தம். பணத்தைக் கட்டிய அன்றே அதன் நிபந்தனைகளை நாம் ஏற்றுக்கொண்டு விட்டோம். முஸ்லிம்கள் தாம் ஏற்ற நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. ஹலாலை ஹராமாக்கும் நிபந்தனையும், ஹராமை ஹலாலாக்கும் நிபந்தனையும் மட்டுமே அதற்கு விலக்கு.

‘சர்பத்தைத் தடுப்பது ஹலாலை ஹராமாக்குவது ஆகாதா?’ என்று கேட்பீர்கள். ஆகாது. சர்பத் குடிக்காதே என்று அவர்கள் சொல்லவில்லை. எங்கள் இடத்திற்குள் கொண்டுவராதே என்கிறார்கள். குற்றாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பது ஹலால்தான். ஆயினும் அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாதென்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. எண்ணெய் நம்முடையது, அருவி ஊருக்குப் பொது. அதுபோலவே பானம் நம்முடையது, கப்பல் பிறருடையது.

‘உள்ளே கொள்ளை விலை வைக்கிறார்களே!’ என்பது இன்னொரு வாதம். விலை மிகுதி என்றால் வாங்காதிருக்கலாம். பயணத்தையே வேண்டாம் என்று விடலாம். விலையைக் காரணம் காட்டி வாக்கை மீற வழியில்லை. மேலும் ஒன்று. பெட்டிக்குள் போத்தலை மறைக்கும்போது, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது நம் பிள்ளை. உள்ளே இருப்பது சர்பத்தா வேறா என்பது அதன் மனதில் நிற்காது. அத்தாவும் அம்மாவும் மறைத்தார்கள் என்பதே நிற்கும். மதரஸாவில் ஆண்டுக்கணக்கில் கற்பிக்கும் அமானிதப் பாடத்தை அந்த ஒரு நிமிடம் அழித்துவிடக்கூடும்.

அப்படியானால் என்ன செய்வது?

முதலாவது, பணம் கட்டுவதற்கு முன்னரே நிபந்தனைகளைப் படியுங்கள். ஆங்கிலம் அறிந்த பிள்ளைகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். விதிகள் அவ்வப்போது மாறுவதால், சென்ற ஆண்டு போய்வந்தவரின் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம்.

இரண்டாவது, கைக்குழந்தையின் பால் மாவு, முதியோரின் மருந்து போன்றவற்றுக்குப் பொதுவாக இடம் தருவார்கள். ஆயினும் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, வரும் பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, விமானத்தில் போய்க் கப்பலேறுவோர் மற்றொன்றையும் நினைவில் கொள்க. திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதி ஒன்று 2006 ஆகஸ்டில் லண்டனில் முறியடிக்கப்பட்டது. அதன் பின்னர் சர்வதேச விமானங்களில் கைப்பையில் கொண்டுபோகும் திரவத்திற்கு 100 மில்லி லிட்டர் என்ற அளவு பரவலாக நடைமுறைக்கு வந்தது. புனித ஜம்ஜம் நீரையே ஹாஜிகள் தம் விருப்பம்போல் சுமந்துவர முடிவதில்லை. ஐந்து லிட்டர் கேனாக முறைப்படி அனுப்பப்பட்டு, இங்கே இறங்கியபின் அவர்களிடம் தரப்படுகிறது. ஜம்ஜமுக்கே ஒழுங்கு உண்டு என்றால், சர்பத் எம்மாத்திரம்?

நான்காவது, தாகத்தால் வாட வேண்டியதில்லை. பெரிய கப்பல்கள் கடல்நீரைக் காய்ச்சி வடித்தும், அழுத்தத்தால் வடிகட்டியும் நன்னீராக்கி, கிருமி நீக்கி வழங்குகின்றன. உணவுக் கூடத்தில் குடிநீரும் தேநீரும் பெரும்பாலும் கட்டணத்தில் அடங்கியவை. காலிப் போத்தல் ஒன்றை எடுத்துச் சென்றால் நிரப்பிக்கொள்ளலாம்.

ஐந்தாவது, பானங்களை மொத்தமாக விற்கும் ‘பேக்கேஜ்’ விஷயத்தில் எச்சரிக்கை தேவை. பல நிறுவனங்களில் ஒரே அறையில் தங்கும் பெரியவர்களில் ஒருவர் மது பேக்கேஜ் வாங்கினால், மற்றவரும் வாங்கியாக வேண்டும். உடன் வேலை செய்யும் நண்பரோடு அறையைப் பகிரும் இளைஞர்கள் இதை முன்பே பேசித் தெளிவு பெறவேண்டும். பழச்சாறு போல் தோன்றும் கலவைகளிலும், இனிப்புப் பண்டங்களிலும் மது கலந்திருக்கலாம். கேட்டறிந்த பிறகே அருந்துங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இவ்வளவு சிரமம் எதற்கு, மதுவும் சூதும் நிறைந்த கப்பலில் நமக்கென்ன வேலை என்று கேட்பவர்களும் உண்டு. அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு செய்தி: சவூதி அரேபியாவின் ‘அரோயா’ கப்பல் 2024 டிசம்பரில் ஜித்தாவிலிருந்து தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. அதில் மது அறவே கிடையாது. போத்தலை ஒளித்துக்கொண்டு ஏறுவதைவிட, ஒளிக்கத் தேவையில்லாத கப்பலைத் தேர்ந்தெடுப்பது மேலல்லவா?

எந்தக் கப்பலில் ஏறினாலும், சோதனை மேடையில் நம் பெட்டியை நாமே தயங்காமல் திறந்து காட்டக் கூடியவர்களாக இருப்போம். தொப்பியும் தாடியும் முக்காடும் கண்டு நம்மை அறியும் அதிகாரி, நம் நாணயத்தைக் கண்டும் நம்மை அறியட்டும்.

உண்பதையும் பருகுவதையும் போலவே நம் வாக்கையும் ஹலாலாக வைத்துக்கொள்ள வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.