யார் போட்ட கோடு?

காடு எது, ஊர் எது என்று தீர்மானிக்கும் வரைபடங்கள் நெடுங்காலம் அரசாங்க அலமாரிகளில் முடங்கிக் கிடந்தன. இன்று காசில்லாமல் கிடைக்கும் சாஃப்ட்வேரைக் கொண்டு யாரும் வரையலாம். யார் வரைந்ததையும் சரிபார்க்கலாம். அதற்கு யார் முன்வரப்போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

இரவு பதினொரு மணி. ஓசூர் சாலையின் இரைச்சல் இன்னும் அடங்கவில்லை. பெங்களூர் அடுகோடியில் அந்தச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், என் மாடியறையில், பழைய லேப்டாப் திரையில் 1973ஆம் ஆண்டின் பெங்களூர் கட்டம் கட்டமாக விரிகிறது. அமெரிக்காவின் லாண்ட்சாட் செயற்கைக்கோள் எடுத்த படம். செடிகொடிகள் உள்ள இடமெல்லாம் சிவப்பாகத் தெரியும்படி நிறம் மாற்றப்பட்டிருக்கிறது. நடுவே நகரம் ஒரு சாம்பல் திட்டு. சுற்றிலும் சிவப்பு. இடையிடையே மை சிந்தினாற்போல் ஏரிகள். அதே இடத்தின் இன்றைய படத்தை அதன்மேல் வைத்தால், சாம்பல் நிறம் திரையைத் தின்றுவிட்டிருக்கிறது.

இதற்கு ஆன செலவு இன்டர்நெட் கட்டணம் மட்டுமே. படம் இலவசம். அதைத் திறந்து அளக்க உதவிய கியூஜிஸ் என்ற வரைபட சாஃப்ட்வேரும் இலவசம். தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு மொழிபெயர்ப்பில் காலம் தள்ளும் எனக்கு அதன் அரிச்சுவடி பிடிபட நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் தேவைப்பட்டன.

பொழுதுபோக்காகத் தொடங்கிய விஷயம் வெகு சீக்கிரம் பொழுதுபோக்காக இல்லாமல் போனது. காரணம், படத்தின் தெற்கு ஓரத்தில் மிச்சமிருந்த ஒரு சிவப்புப் பட்டை. அது பன்னேர்கட்டா தேசியப் பூங்கா. அடுகோடியிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர்தான். ராகி முற்றும் பருவத்தில் அங்கிருந்து யானைக் கூட்டங்கள் கிளம்பி ஜவளகிரி, தளி காடுகள் வழியாக ஓசூரை ஒட்டிய சானமாவு வரை வருவது ஆண்டுதோறும் நடக்கும் கதை. தமிழ்நாட்டு எல்லையில் அவை நின்று அனுமதி கேட்பதில்லை. வழியில் கல் குவாரி, லேஅவுட், அகலப்படுத்தப்பட்ட சாலை. யானையும் சாகிறது, காவலுக்குப் படுத்த விவசாயியும் சாகிறார்.

இந்தப் பூங்காவைச் சுற்றி, கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட சூழல் பாதுகாப்பு வளையம் ஒன்று வேண்டும் என்று முடிவாகி, 2016இல் மத்திய அரசு வெளியிட்ட வரைவில் அதன் பரப்பு 268.96 சதுர கிலோமீட்டர். 2020 மார்ச்சில் இறுதி அறிவிப்பு வந்தபோது அது 168.84 ஆகச் சுருங்கியிருந்தது. நூறு சதுர கிலோமீட்டர் கோட்டுக்கு வெளியே போனது. போனது சரியா, தவறா? பதில் சொல்ல வேண்டுமானால் கோடு எங்கே ஓடுகிறது, அதற்கு வெளியே என்ன இருக்கிறது, யானை எந்த வழியாக நடக்கிறது என்ற மூன்றையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வெளியிலிருக்கும் ஒருவரால் சில ஆண்டுகளுக்கு முன்புவரை இது எளிதில் ஆகக்கூடிய காரியமல்ல.

இரண்டு பூட்டுகள்

முதல் பூட்டு வரைபடத்தின் மீது. இந்திய நில அளவைத் துறை 1767இல் பிறந்தது. துணைக்கண்டத்தையே முக்கோணங்களாக அளந்த மாபெரும் அளவை 1802இல் சென்னை பரங்கிமலையில் வில்லியம் லாம்டன் போட்ட அடிக்கோட்டிலிருந்து தொடங்கியது. படை நடத்தவும் வரி வாங்கவும் பிறந்த வரைபடம், சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தக் குணத்தை எளிதில் விடவில்லை. எல்லையோரப் பகுதிகளின் விரிவான தாள்களை வாங்க ஆய்வு மாணவர்கள் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார்கள். 2021 பிப்ரவரியில் வெளியான புதிய விதிமுறைகள்தான் இந்தக் கெடுபிடியைப் பெருமளவு தளர்த்தின.

இரண்டாவது பூட்டு விலை. செயற்கைக்கோள் படம் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான டாலர். அதை அலசும் சாஃப்ட்வேருக்கோ அதைவிட அதிகம். இந்தப் பூட்டு உடைந்த விதம் விசித்திரமானது. 1982இல் அமெரிக்க ராணுவத்தின் பொறியியல் ஆய்வுக்கூடம் ஒன்று, தன் பயிற்சி நிலங்களைப் பராமரிப்பதற்காக ஒரு சாஃப்ட்வேர் எழுத ஆரம்பித்தது. பெயர் ‘கிராஸ்’. ஆங்கிலத்தில் புல் என்று பொருள்படும் சுருக்கப் பெயர். ராணுவம் பின்னாளில் கைவிட்டபோது பல்கலைக்கழகங்கள் அதைத் தூக்கி வளர்த்தன. 1999 முதல் யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம் என்ற பொது உரிமத்தின் கீழ் அது வந்தது. 2002இல் அலாஸ்காவைச் சேர்ந்த கேரி ஷெர்மன் தன் தேவைக்காக எழுதத் தொடங்கிய சிறு நிரல்தான் இன்றைய கியூஜிஸ். 2008இல் லாண்ட்சாட் படங்களை இலவசமாக்க அமெரிக்கா முடிவு செய்தது. 2015இல் பறக்கத் தொடங்கிய ஐரோப்பாவின் சென்டினல்-2, பத்து மீட்டர் நுணுக்கத்தில் படங்களைச் சும்மாவே தருகிறது.

ஆனால் ‘திறந்த மூலம்’ என்பதன் பெருமை இலவசத்தில் இல்லை. உள்ளே கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பது வெளியே தெரியும். பெருமை அதில்தான் இருக்கிறது. ‘இந்த இடத்தில் காடு இல்லை’ என்று ஓர் அறிக்கை சொன்னால், அதே படத்தையும் அதே கணக்கையும் எடுத்து இன்னொருவர் போட்டுப் பார்க்கலாம். விடை வேறாக வந்தால் கேள்வி கேட்கலாம்.

யானை இருக்குமிடம்

ஒரு விலங்கின் வாழிடத்தைக் கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது? கண்டுபிடிப்பதில்லை, ஊகிக்கிறது. மழை, உயரம், மர அடர்த்தி, நீர்நிலைக்கும் சாலைக்கும் உள்ள தூரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபடம். இவற்றை டிரேசிங் தாள்கள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். விலங்கை நேரில் பார்த்த இடங்களைப் புள்ளிகளாகக் குத்த வேண்டும். அந்தப் புள்ளிகளுக்கு அடியில் ஒவ்வொரு தாளிலும் என்ன இருக்கிறது என்று பார்த்து, அதே மாதிரியான நிலம் வேறெங்கெல்லாம் உண்டு என்று சாஃப்ட்வேர் நிறம் தீட்டும். இந்த வேலைக்கு உலகெங்கும் புழங்கும் மேக்ஸென்ட் 2017இல் திறந்த மூலமானது.

இதில் ஒரு கண்ணி உண்டு. ஆட்கள் பெரும்பாலும் சாலை வழியாகத்தான் காட்டுக்குள் போகிறார்கள். ஆகவே விலங்குகளையும் சாலையோரத்தில்தான் அதிகம் பார்க்கிறார்கள். இதைத் திருத்தாமல் விட்டால், யானைக்குத் தார்ச்சாலை என்றால் உயிர் என்று கம்ப்யூட்டர் முடிவுகட்டிவிடும். கணக்கு திறந்து கிடந்தால் இன்னொருவர் இந்தத் தவறைப் பிடிக்க முடியும். மூடிக் கிடந்தால் அது அழகான வண்ணப் படமாகி, கோப்பில் ஏறி, உத்தரவாகிவிடும்.

பெங்களூருக்கு இந்த வித்தை புதிதல்ல. இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையத்தில் டி.வி.ராமச்சந்திராவின் குழு, ‘கிராஸ்’ சாஃப்ட்வேரின் கட்டளைகளை மனப்பாடம் செய்ய முடியாதவர்களுக்காக அதன்மேல் பொத்தான்களும் பட்டியல்களும் கொண்ட ஜி.ஆர்.டி.எஸ்.எஸ். என்ற இலவச சாஃப்ட்வேரையே உருவாக்கியது. இந்தக் குழு லாண்ட்சாட் படங்களை அலசி 2012இல் வெளியிட்ட ஆய்வுதான், நான்கு பத்தாண்டுகளில் பெங்களூரில் கட்டடப் பரப்பு 584 சதவீதம் பெருகியதையும், தாவரப் பரப்பு 66 சதவீதமும் நீர்நிலைகள் 74 சதவீதமும் குறைந்ததையும் சொன்னது. அடுகோடிக்குக் கிழக்கே, கோரமங்கலா பள்ளத்தாக்கின் சாக்கடையெல்லாம் போய்ச்சேரும் பெல்லந்தூர் ஏரி 2017லும் 2018லும் தீப்பற்றி எரிந்தபோது, இந்தச் சதவீதங்களுக்கு என்ன அர்த்தம் என்று நகரத்துக்கு உறைத்தது.

அதற்காக, கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று நினைப்பது தவறு. 1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளைக் காலால் நடந்து அளந்து, 1980களில் வண்ண வரைபடத் தாள்களாக வெளியிட்டது. இந்த நிறுவனமும் பெங்களூரின் ஏட்ரீ ஆய்வு நிறுவனமும் வேறு சில அமைப்புகளும் சேர்ந்து 2008இல் தொடங்கிய இந்திய பல்லுயிர் வலைவாசல், அத்தகைய வரைபடங்களைப் பொதுமக்களின் கண்ணுக்குக் கொண்டுவந்தது. மாணவரோ ஆசிரியரோ யாரானாலும் தான் கண்ட பறவையை, செடியை அதில் சேர்க்கலாம்.

பெயர் உள்ள காடு

மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் மனிதர்கள் தெரிவதில்லை. அதற்குச் சாட்சி, தமிழ்நாட்டின் சத்தியமங்கலம் காட்டை ஒட்டிய பிளிகிரிரங்கன் மலை. 1974இல் சரணாலயமான இந்த மலை, அங்கே தலைமுறைகளாக வாழும் சோலிகர்களுக்கு ‘எல்லெ’ எனப்படும் குலப் பகுதிகளின் தொகுப்பு. ஒவ்வொன்றிலும் தெய்வத்துக்கு ஓரிடம், அம்மனுக்கு ஓரிடம், சுனைக்கு ஓரிடம், முன்னோரைப் புதைத்த கல்குடிக்கு ஓரிடம். அரசு வரைபடத்தில் இவற்றுக்குப் பெயரில்லை. பெயரில்லாத இடத்தின்மேல் உரிமை கேட்பது எப்படி? ஏட்ரீ ஆய்வாளர்களும் சோலிகர் சங்கமும் கைகோத்தனர். பெரியவர்கள் முன்னால் நடக்க, ஜி.பி.எஸ். கருவியோடு ஆய்வாளர்கள் பின்னால் நடந்தார்கள். நானூற்றுக்கும் மேற்பட்ட புனித இடங்கள் வரைபடத்தில் ஏறின. 2011இல் இந்த மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வன உரிமைச் சட்டத்தின் கீழ் சோலிகர் கிராம சபைகள் சமூக வன உரிமையைப் பெற்றன. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அப்படி உரிமை கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. வரைபடம் மட்டுமே அதை வாங்கித் தரவில்லை. நீண்ட போராட்டம் இருந்தது. ஆனால் ‘இது எங்கள் இடம்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வைக்க ஒரு தாள் இருந்தது.

இதற்கு நேரெதிரான கதையும் அதே காலத்தில் நடந்தது. மாதவ் காட்கில் தலைமையிலான குழு மேற்குத் தொடர்ச்சி மலையைச் சுமார் 2,200 கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டம் எவ்வளவு பாதுகாக்கப்பட வேண்டும் என்று 2011 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. மத்திய அமைச்சகம் அதை வெளியிடவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டும் மறுத்தது. மத்திய தகவல் ஆணையம் உத்தரவிட்டு, அதை எதிர்த்து அமைச்சகம் டெல்லி உயர் நீதிமன்றம் போய்த் தோற்ற பிறகு, 2012 மே மாதம்தான் அறிக்கை வெளியே வந்தது. அதற்குள் வதந்தி மலையேறிவிட்டது. வீடு போகும், ரப்பர் போகும், ஏலக்காய் போகும் என்று பீதி. அடுத்து வந்த கஸ்தூரிரங்கன் குழு செயற்கைக்கோள் படத்தை நம்பி 2013இல் வேறொரு கோடு போட்டது. 2024 ஜூலையில் வந்தது ஆறாவது வரைவு: ஆறு மாநிலங்களில் சுமார் 56,825 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பங்கு 6,914. தன் ஊர் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா, ஏன் என்று கிராம சபையில் உட்கார்ந்து பார்த்துப் பேச வாய்ப்புக் கிடைத்திருந்தால், எதிர்ப்பு இருந்திருக்கும், பீதி இருந்திருக்காது.

திறப்பதிலும் ஆபத்து உண்டு. அரிய விலங்கு இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டினால் ஆய்வாளருக்கு முன்னால் வேட்டைக்காரன் போய்ச்சேருவான். அதனால் அருகிவரும் உயிரினங்களின் இருப்பிடத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் காட்டுவது பல தளங்களில் வழக்கம். கணக்கைத் திறந்து வை, கூட்டைக் காட்டாதே என்பதுதான் நியாயமான எல்லை.

கடைசித் தடை மொழி. அறிக்கைகளும் அவற்றின் இணைப்பு வரைபடங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கே ‘தாங்கு மண்டலம்’, ‘வழித்தடம்’ என்ற சொற்களுக்குப் பின்னால் இருக்கும் சட்டப் பொருளைப் பிடிக்கப் பல நாளாயின. தளிப் பக்கம் ஒரு ராகி விவசாயிக்கு அதை யார் சொல்வது? ஓசூர் வனங்களை உள்ளடக்கிய காவிரி வடக்கு சரணாலயம் 2014இல் 504.33 சதுர கிலோமீட்டரிலும், காவிரி தெற்கு சரணாலயம் 2022இல் 686 சதுர கிலோமீட்டரிலும் அறிவிக்கப்பட்டன. நல்ல காரியம்தான். ஆனால் அவற்றின் விளிம்பில் யானை எங்கே இறங்குகிறது, எந்த ஓடையைக் கடக்கிறது, எத்தனை மணிக்கு வருகிறது என்பதெல்லாம் அந்த விவசாயிக்கு மனப்பாடம். செயற்கைக்கோளுக்குத் தெரியாது.

அடுகோடி மாடியறைத் திரையில் பன்னேர்கட்டாவின் கோடும் அதற்குத் தெற்கே தமிழ்நாட்டுக் காடுகளும் பக்கத்தில் பக்கத்தில் தெரிகின்றன. நடுவே யானை நடந்த புள்ளிகளுக்கான தாள் மட்டும் காலியாக இருக்கிறது. அதை நிரப்ப ஒரு செல்போனும், இலவச சாஃப்ட்வேரும், நேற்றிரவு தன் வயலுக்கு வந்த கூட்டத்தில் எத்தனை யானை என்று சொல்லக்கூடிய ஓர் ஆளும் போதும். முதல் இரண்டும் கைக்கு வந்துவிட்டன. மூன்றாமவரிடம் போய் யாரும் இன்னும் கேட்கவில்லையென்றால், அடுத்த கோடும் அவரைக் கேட்காமலேயே போடப்படும்.