செல்போனில் படித்தால் மார்க் ஏறுமா?

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். செல்போன் சுரைக்காய் மட்டும் உதவுமா? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

2020 மார்ச் மாதம் கொரோனாவால் பள்ளிகளை மூடினார்கள். அப்போது ஒன்பதாம் வகுப்பாகிய நாங்கள் மூன்றாம் வகுப்பு. மறுபடி பள்ளிக்கு வந்தது 2021 நவம்பர் 1. அப்போது ஐந்தாம் வகுப்பு. அதாவது நாலாம் வகுப்பை நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கவே இல்லை!

2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது. வாட்ஸ்அப்பிலும் பாடம் அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் ஒரே போன். அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். ராத்திரி அவர் வந்ததும் ஒன்பதாவது படித்த அக்காவுக்குத்தான் முதலில் கிடைக்கும். என் முறை வருவதற்குள் நான் தூங்கிவிடுவேன். இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2021 நவம்பரில் நாடு முழுவதும் நடந்த தேசிய அடைவு ஆய்வில், 100-க்கு 24 மாணவர்கள் வீட்டில் டிஜிட்டல் கருவியே இல்லை என்றார்கள். 38 பேர் வீட்டில் படிக்கச் சிரமப்பட்டதாகச் சொன்னார்கள்.

இப்போது பெரும்பாலான வீடுகளில் போன் வந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் கியூ.ஆர். கோடு இருக்கிறது. 6 முதல் 12 வரை படிப்பவர்களுக்கு அரசின் ‘மணற்கேணி’ செயலி 2023-இல் வந்தது. அப்படியானால் மார்க் ஏற வேண்டும் அல்லவா? ஆனால் கிராமப்புற மாணவர்களைப் பற்றிய 2024 ‘அசர்’ அறிக்கை என்ன சொல்கிறது தெரியுமா? 14 முதல் 16 வயது வரை 100-க்கு 82 பேருக்கு ஸ்மார்ட்போன் இயக்கத் தெரியும். ஆனால் முந்தின வாரத்தில் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் சுமார் 57 பேர். சமூக ஊடகம் பார்த்தவர்கள் சுமார் 76 பேர். அது நம் வயதுதான் தோழிகளே!

சரி, பாடம் மட்டுமே பார்த்தால் போதுமா? என் அனுபவத்தைச் சொல்கிறேன். தொகுமுறை வகுத்தல் வீடியோவை இரண்டு தடவை பார்த்தேன். நன்றாகப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு நோட்டில் ‘எக்ஸ் கியூப் கழித்தல் 7 எக்ஸ் கூட்டல் 6’ என்பதை ‘எக்ஸ் கழித்தல் 1’ ஆல் வகுத்தேன். மீதி 0 வந்தது. சரி என்று குதித்தேன்! மறுநாள் கணக்கு டீச்சர் நோட்டைப் பார்த்துவிட்டு, “எக்ஸ் ஸ்கொயர் எங்கேம்மா?” என்றார். அந்த உறுப்பு இல்லாததால் அதன் இடத்தில் 0 போட வேண்டும். நான் போடவில்லை. அதனால் மீதி சரியாக வந்தும் ஈவு தப்பாகிவிட்டது. வீடியோ என் நோட்டைப் பார்க்காது. டீச்சர்தான் பார்ப்பார்.

பார்ப்பது வேறு, நாமே போடுவது வேறு. பார்க்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினால்தான் எது தெரியவில்லை என்று தெரியும். ஆகவே செல்போனில் படிப்பவர்களுக்கு என் யோசனைகள்:

1. பக்கத்தில் நோட்டும் பேனாவும் இல்லாமல் வீடியோ பார்க்காதீர்கள்.
2. ஒவ்வொரு படிக்கும் முன்னால் நிறுத்தி, அடுத்து என்ன என்று நீங்களே எழுதிப் பாருங்கள்.
3. முடிந்ததும் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். கையிலேயே இருந்தால் விரல் சும்மா இருக்காது.
4. வந்த சந்தேகத்தை எழுதி வைத்து மறுநாள் கேளுங்கள்.

நாலாவதுதான் கஷ்டம். நாலாம் வகுப்பு விட்டுப் போனதால் எனக்குச் சாதாரண வகுத்தலே வராது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ‘இல்லம் தேடிக் கல்வி’க்கு வந்த அக்காதான் கண்டுபிடித்து, கோயில் மண்டபத்தில் புளியங்கொட்டைகளைப் பிரித்து வைத்துச் சொல்லிக் கொடுத்தார். நம் வகுப்பில் இன்னும் என்னைப் போல் மறைத்துக்கொண்டு இருப்பவர்கள் இருக்கலாம். அவர்களுக்காகத்தான் இதை எழுதினேன்.

செல்போன் பாடம் சொல்லும். ஆனால் ‘எனக்குத் தெரியவில்லை’ என்று நாம்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். கேட்போம், கற்போம், உயர்வோம்!