அப்புச்சியின் ரசீது

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்பவர், நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவர், திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருப்பவர், ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலை நடத்துபவர்... ஜூலை மாதம் பிறந்துவிட்டால் இவர்கள் சந்திக்கும்போது கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. "ரிட்டர்ன் போட்டாச்சுங்களா?"

ரிட்டர்ன் என்றால் என்ன குட்டீஸ்? ஏப்ரல் முதல் மார்ச் வரை ஓராண்டில் எவ்வளவு சம்பாதித்தோம், அதற்கு எவ்வளவு வரி கட்டினோம் என்று வருமான வரித் துறைக்குக் கொடுக்கும் கணக்குதான் அது. இந்த வரி நம் நாட்டுக்கு வந்தது 1860-ல். ஜேம்ஸ் வில்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதைக் கொண்டுவந்தார். அது நடைமுறைக்கு வந்த ஜூலை 24-ஐத்தான் இப்போது வருமான வரி நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

பெரியவர்களின் இந்தக் கணக்குக்கும், எங்கோ ஒரு விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு குழந்தைக்கும் தொடர்பு இருக்கிறது. அது என்ன? வாருங்கள், பார்க்கலாம்!

ஒரு துண்டுக் காகிதம்

நாமக்கல்லில் ஓர் அப்புச்சி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லாரி வைத்திருக்கிறார். பெற்றோர் இல்லாத குழந்தைகளுக்கு விடுதி நடத்தும் ஓர் அறக்கட்டளைக்கு 10,000 ரூபாய் நன்கொடை கொடுக்கிறார். கொடுத்ததும் அவர்கள் தந்த ரசீதை மடித்து பீரோவில் வைத்துப் பூட்டுகிறார். பேத்திக்கு ஆச்சரியம்!

"ஏனுங்க அப்புச்சி, கொடுத்ததுதான் கொடுத்துட்டீங்க. அப்புறம் இந்தக் காகிதம் எதுக்குங்க?"

"கண்ணு, இந்தக் காகிதத்தைக் காட்டினா எனக்கு வரி குறையும்."

அப்புச்சி சொல்வது சரிதான். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 80ஜி என்றொரு பிரிவு உண்டு. அரசின் அங்கீகாரம் பெற்ற தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியை, வரி போடுவதற்கு முன்பே வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று அது சொல்கிறது. 2026 ஏப்ரல் 1-ஐத் தொடக்க நாளாகக் கொண்ட புதிய வருமான வரிச் சட்டத்தில் இந்தப் பிரிவின் எண் 133. எண்தான் வேறு, ஏற்பாடு அதேதான்.

கணக்குப் போடுவோமா?

பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுப்பதில் பாதியைக் கழிக்கலாம். அப்புச்சி கொடுத்தது 10,000. பாதி 5,000. அந்த 5,000 ரூபாய்க்கு அவர் வரி கட்ட வேண்டாம். நூற்றுக்கு 20 ரூபாய் வரி கட்டுபவராக அவர் இருந்தால், மிச்சமாவது 1,000 ரூபாய்.

சில நிதிகளுக்குக் கொடுத்தால் முழுத் தொகையையும் கழிக்கலாம். 1979-ல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நிதி அப்படிப்பட்டது. முன்பு அதற்கும் பாதிதான். 2013-ல் நிதிச் சட்டத்தின் மூலம் அதை முழுத் தொகையாக்கினார்கள்.

இப்போது ஒரு கேள்வி. விடுதிக்குப் போனது 10,000. அப்புச்சியின் கையிலிருந்து உண்மையில் போனது 9,000. மீதி 1,000 ரூபாயைக் கொடுத்தது யார்?

அரசாங்கம்! அதாவது, அரசுக்கு வந்திருக்க வேண்டிய பணம். சாலைக்கும், மருத்துவமனைக்கும், உங்கள் பள்ளிக்கும் செலவாகியிருக்கக்கூடிய பணம். அது எல்லோருக்கும் சொந்தமானது. அப்புச்சி 9 பங்கு கொடுத்தார். ஊரார் எல்லோரும் சேர்ந்து 1 பங்கு கொடுத்தார்கள்.

பிடி அரிசிப் பள்ளி

ஊர் கூடிக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. விருதுநகரில் 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைப் பள்ளியை வளர்த்தது வியாபாரிகளின் 'மகமை'ப் பணம். விற்கும் சரக்குக்கு இவ்வளவு என்று எல்லோரும் ஒரு சிறு தொகையைப் பொதுவுக்கு ஒதுக்குவதுதான் மகமை. வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசியும் வாங்கினார்கள். அந்தப் பிடி அரிசிப் பள்ளியில் படித்தவர்களில் ஒருவர் பின்னாளில் முதலமைச்சராகி, ஏழைக் குழந்தைகளுக்கு மதிய உணவு போட்டார். ஆம், காமராஜர்தான்!

வேறு நாடுகளில் எப்படி?

ஹங்கேரியில் 1996-ல் ஒரு சட்டம் வந்தது. அங்கே வரி கட்டுபவர், தன் வரியில் நூற்றில் ஒரு பங்கை இந்தத் தொண்டு அமைப்புக்குக் கொடுங்கள் என்று அரசிடமே சொல்லிவிடலாம். இத்தாலியில் 2006 முதல் ஆயிரத்தில் ஐந்து பங்கு. கைப்பணம் கூடுதலாக ஒரு காசும் போவதில்லை. அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 1977-ல் வரிப் படிவத்திலேயே ஒரு கட்டம் வைத்தது. வன உயிர்களுக்கு நன்கொடை தர விரும்புபவர்கள் அதை நிரப்பினார்கள். பிறகு பல மாநிலங்கள் குழந்தைகள் நிதிக்கும் அப்படிக் கட்டம் வைத்தன.

நம் நாட்டுப் படிவத்தில் அப்படி 'டிக்' அடிக்கும் கட்டம் கிடையாது. முதலில் கொடுக்க வேண்டும். பிறகு யாருக்கு, எவ்வளவு என்று ரிட்டர்னில் எழுத வேண்டும். ஆனால் எல்லோரும் கட்டாயம் கொடுக்கும் ஒன்று இருக்கிறது. 2004-ல் கல்விக்காக வரியோடு 2 சதவீதம் 'செஸ்' சேர்த்தார்கள். 2018 முதல் கல்விக்கும் சுகாதாரத்துக்குமாக அது 4 சதவீதம். 100 ரூபாய் வரி கட்டுபவர் கூடவே 4 ரூபாய் கட்டுகிறார்.

பொய் ரசீது

கொடுக்காமலே கொடுத்ததாக எழுதினால்? 100 ரூபாய் வாங்கிக்கொண்டு 10,000 ரூபாய்க்கு ரசீது கொடுத்தால்? அந்த விடுதிக் குழந்தைக்குச் சோறும் வராது, நோட்டும் வராது. ஊரார் பங்கு மட்டும் பறிபோகும்! 2025 ஜூலையில் இப்படிப் பொய்க் கழிவுகள் காட்டியவர்களையும், அதற்கு உதவியவர்களையும் பிடிக்க நாடு முழுவதும் 150 இடங்களில் வருமான வரித் துறை சோதனை நடத்தியது.

அதனால்தான் இத்தனை விதிகள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. வங்கி வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அரிசி, துணி என்று பொருளாகக் கொடுத்தாலும் கழிவு இல்லை. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலை 2021-22 முதல் தொண்டு நிறுவனமே வரித் துறைக்குத் தர வேண்டும். இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும்.

இன்னொரு செய்தி. இப்போது வரி கட்ட இரண்டு முறைகள் உள்ளன. புதிய முறையில் வரி விகிதம் குறைவு. ஆனால் இந்த நன்கொடைக் கழிவு கிடையாது. மேலே பார்த்த அப்புச்சி பழைய முறைக்காரர். 2023 முதல், வேண்டாம் என்று சொல்லாதவர்கள் எல்லோருக்கும் புதிய முறைதான். பேத்தி விடுவாளா?

"அப்புச்சி, அடுத்த வருசம் நீங்க புது முறைக்கு மாறிட்டா, வரி குறையாதுங்களே. அப்ப விடுதிக்குக் கொடுக்க மாட்டீங்களா?"

"அந்தப் புள்ளைங்களுக்கு அடுத்த வருசமும் பசிக்குமே கண்ணு! கொடுக்கத்தான் வேணும்."

குட்டீஸ், நீங்களும் ஒன்று செய்யலாம். நன்கொடை கேட்டு யாராவது உங்கள் வீட்டுக்கு வந்தால், 80ஜி அங்கீகாரம் இருக்கிறதா, ரசீது தருவீர்களா என்று பணிவாகக் கேளுங்கள். உண்மையானவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கொடுக்கும் பணம் உங்களைப் போன்ற ஒரு குழந்தையின் கைக்குத்தான் போகிறதா என்று தெரிய வேண்டாமா?