சாலைத் தேய்மானம்: செலவு யார் தலையில்?

"லாரிக்காரர் வரி கட்டுகிறாரே, அந்தப் பணம் எங்கே?" என்று காதர்பேட்டைத் தெருக்களைப் பார்த்து நம் உறுப்பினர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி மோட்டார் வாகன வரி மாநில அரசுக்குப் போகிறது. மாநகராட்சி தனியாக லாரி வரி போட முடியாது. ஒரு காலத்தில் உள்ளாட்சிகளே சுங்கம் வசூலித்தன. 1931-இல் சென்னை மாகாண மோட்டார் வாகன வரிச் சட்டம் அதை நிறுத்தி, பதிலுக்கு ஈட்டுத்தொகை தந்தது.

இன்று திருப்பூரில் தெருவுக்குத் தார் போடுவது சொத்து வரியிலும், மாநில நிதி ஆணையப் பங்கிலும், அவ்வப்போது வரும் திட்ட மானியத்திலும்தான். இதில் நம்மைத் தொடுவது சொத்து வரி. 2022 ஏப்ரலில் அறிவித்த உயர்வு, சென்னை தவிர்த்த நகரங்களில் தொழிற்சாலைகளுக்கு 75 சதவீதம்; கடைகளுக்கு 100 சதவீதம்!

தேய்மானக் கணக்கோ வேறு. அச்சின் மேல் பாரம் இரட்டித்தால் சேதம் சுமார் 16 மடங்கு என்பது 1958-60-இல் அமெரிக்காவில் நடந்த சாலைச் சோதனையின் முடிவு. 12,000 லிட்டர் டேங்கரில் தண்ணீர் மட்டுமே 12 டன். அதன் முன் நம் கடைக்கு அரிசி மூட்டை இறக்கும் டெம்போ எம்மாத்திரம்? 2018-இல் மத்திய அரசு நான்கு டயர் ஒற்றை அச்சின் வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக்கியது. பாரம் 13 சதவீதம்தான் கூடுதல். அதே கணக்கில் சேதம் ஏறக்குறைய 60 சதவீதம். வரம்பு மீறும் லாரிக்குப் போடும் அபராதமும் மாநிலக் கணக்கில்தான் சேருகிறது.

ஆகவே, சரக்குப் போக்குவரத்து மிகுந்த ஊர்களுக்கு வாகன வரியில் தனிப் பங்கு வேண்டும் என்பதே நாம் வைக்க வேண்டிய கோரிக்கை. மாநகராட்சியிடம் மட்டும் முறையிட்டால், அது திரும்ப நம் வரிச் சீட்டுக்கே வரும்.