வானில் குட்டிக்கரணம்

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

1913-ஆம் ஆண்டு. கீவ் நகரில் ருஷ்ய இராணுவ விமானி பியோத்தர் நெஸ்தெரோவ் தம் விமானத்தைச் செங்குத்தாக ஒரு முழு வட்டம் சுற்றச் செய்தார். அதற்குமுன் எவரும் செய்யாத அருஞ்செயல் அது. அதற்கு அவருக்கு உடனே கிடைத்த பரிசு என்ன தெரியுமா? அரசாங்கச் சொத்துக்கு ஆபத்து விளைவித்ததற்காகப் பத்து நாள் காவல்! பாராட்டு பிறகுதான் வந்தது.

அன்று குற்றமாகக் கருதப்பட்டது பின்னாளில் விளையாட்டாயிற்று. 1960-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவில் முதல் உலகப் போட்டி நடைபெற்றது. அமெரிக்காவில் 1970-இல் தோன்றிய சர்வதேச ஏரோபாட்டிக் கழகத்திற்குப் பல மாநிலங்களில் கிளைகள் உள்ளன. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் இருக்கும் நான் இக்கலையைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்து வருகிறேன். அத்தகைய கிளையொன்றில் சேருபவர் எவற்றைக் கற்கிறார் என்பதை இங்கே சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

கண்ணுக்குத் தெரியாத மைதானம்

நீளமும் அகலமும் 1000 மீட்டர் கொண்ட ஒரு கற்பனைப் பெட்டிதான் மைதானம். விமானி அதற்குள்ளேயே வித்தைகளைச் செய்ய வேண்டும். தொடக்க நிலையினர் 1500 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது. மிக உயர்ந்த நிலையினருக்கே 328 அடி வரை இறங்க அனுமதி உண்டு. ஸ்பெயின் நாட்டு விமானி அரெஸ்தி வகுத்த கோட்டுக் குறியீடுகளால் வித்தைகளின் வரிசை ஒரே தாளில் எழுதப்படும். விமானிகள் பறக்குமுன் தரையில் நடந்தபடியே, கைகளை விமானமாக அசைத்து, அதனை மனப்பாடம் செய்வார்கள்.

ஒவ்வொரு வித்தைக்கும் பத்து மதிப்பெண். கோணம் ஐந்து பாகை பிசகினால் ஒன்று குறையும். நம் தேர்வுத்தாள் திருத்துவோர் இதைவிட இரக்கமுள்ளவர்கள்!

உடலும் விசையும்

வட்டத்தின் அடிப்பகுதியில் விமானியின் எடை ஏறத்தாழ நான்கு மடங்காகத் தோன்றும். 60 கிலோ எடையுள்ளவர் 240 கிலோவாக இருக்கையில் அழுந்துவார். இரத்தம் தலையிலிருந்து கீழிறங்குவதால் பார்வை மங்கும். தொடை, வயிற்றுத் தசைகளை இறுக்கி அதைத் தாங்கப் பழக வேண்டும்.

இதைவிட முக்கியமானது 'ஸ்பின்' எனும் சுழல்வீழ்ச்சி. வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழந்தால் விமானம் சுழன்றுகொண்டே விழும். கட்டைப் பின்னால் இழுத்து மூக்கைத் தூக்கவே மனம் துடிக்கும், அதுவே ஆபத்து. இயந்திர வேகத்தைக் குறைத்து, சுழற்சிக்கு எதிர்ப்புறச் சுக்கானை மிதித்து, கட்டையை முன்னே தள்ள வேண்டும். போதிய உயரத்தில், ஆசிரியர் உடனிருக்க, கைகால்கள் தாமே செய்யும் வரை இதைப் பழகுகிறார்கள்.

தரையிலுள்ள கண்கள்

தனியே பழகலாகாதா, கழகம் எதற்கு என்று கேட்கலாம். தாம் நேராக ஏறியதாக விமானி நினைப்பார். தரையிலிருந்து பார்ப்பவருக்கே அது சாய்ந்தது தெரியும். பயிற்சியின்போது கீழே நிற்கும் தோழர் வானொலியில் பிழையைச் சொல்வார். உயரம் குறைந்தாலும் எச்சரிப்பார். குறை சொல்லும் அந்தக் குரல்தான் உயிரையும் காக்கிறது.

யார் சேரலாம்?

விமானம் வைத்திருப்பவர் மட்டுமல்லர். நடுவர் வானிலிருந்து கண்ணை எடுக்க முடியாது; அவர் சொல்லும் மதிப்பெண்ணை எழுத அருகில் ஒருவர் வேண்டும். அவருக்கு விமானி உரிமம் தேவையில்லை. அப்படி எழுதி எழுதியே ஒருவர் இக்கலையின் நுட்பங்களை உணர்ந்துகொள்ளலாம்.

நம்மில் பலர், நானும்தான், வசதியில்லை என்று ஆசையையே மடித்து வைத்துவிடுகிறோம். பறக்கப் பணம் வேண்டும், உண்மைதான். ஆனால் களத்தோரம் பென்சிலுடன் உட்கார்ந்திருப்பவரும் அந்தக் கழகத்தவரே. எந்தத் துறையாயினும், அந்த இடத்தைத் தேடிச் செல்வோம், நண்பர்களே!