பெட்ரோல் குழாயை ஓட்டை போட்ட தண்ணீர் குழாய்! 8 கி.மீ. தெரு வெடித்தது எப்படி?

பூமிக்குள் இரும்பு குழாயும் வேறு உலோக குழாயும் உரசிக்கொண்டு கிடந்தால் என்ன ஆகும்? துரு பிடிக்கும், அவ்வளவுதானே என்று நினைக்கலாம். அந்த துருவால் மெக்சிகோ நாட்டில் 200-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

அங்குள்ள குவாதலஹாரா நகரில் 1992-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் சாக்கடையில் இருந்து குப்பென்று பெட்ரோல் வாடை அடித்தது. பொதுமக்கள் புகார் செய்தனர். அதிகாரிகள் வந்து பார்த்தனர். ஆனால் மக்களை வெளியேற்றவில்லை. ஏப்ரல் 22-ந்தேதி காலை 10 மணிக்கு மேல் பாதாள சாக்கடை அடுத்தடுத்து வெடித்தது. சுமார் 8 கி.மீ. தூரத்துக்கு தெருக்கள் பிளந்தன. வாகனங்கள் தூக்கி வீசப்பட்டன. வீடுகள் தரைமட்டமாயின.

பெட்ரோல் கொண்டு செல்லும் இரும்பு குழாயை ஒட்டி வேறு உலோக தண்ணீர் குழாய் பதித்ததே வினையாகிவிட்டது என்று விசாரணையில் கூறப்பட்டது. பெட்ரோல் குழாய் அரித்து ஓட்டை விழுந்து, கசிந்த பெட்ரோல் சாக்கடையில் கலந்துவிட்டது.

பேட்டரி மாதிரிதான்

இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு, நடுவில் ஈரமும் இருந்தால் லேசாக மின்சாரம் ஓடும். டார்ச் லைட் பேட்டரியில் நடப்பதும் இதுதான். இரண்டில் பலவீனமான உலோகம் கரைந்துகொண்டே போகும். வீட்டு ஜி.ஐ. பைப்பில் பித்தளை டேப் மாட்டிய மரையில் மட்டும் சீக்கிரம் துரு ஏறுவது இதனால்தான்.

எண்ணெய் கிணறுகளில் ஆபத்து இன்னும் அதிகம். கச்சா எண்ணெயோடு உப்புத் தண்ணீரும் சேர்ந்து வரும். உப்பு இருந்தால் மின்சாரம் சுலபமாக ஓடும். பெரிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் சாதா இரும்பு போல்ட்டை மாட்டினால், அரிப்பு முழுவதும் அந்த சின்ன போல்ட் மேலேயே விழும்.

பலி கொடுக்கும் துத்தநாகம்

இதை தடுக்க வழி இருக்கிறது. இரண்டு உலோகம் சேரும் இடத்தில் மின்சாரம் கடத்தாத வாஷர் போடுவார்கள். குழாய் மேல் பூச்சு அடிப்பார்கள். துத்தநாகம், மெக்னீசியம் கட்டிகளை குழாயோடு கம்பியால் இணைப்பதும் உண்டு. அரிப்பை அந்த கட்டி வாங்கிக்கொள்ளும், குழாய் பிழைக்கும். கட்டி கரைந்ததும் புதுசு மாற்ற வேண்டும். மறந்தால் அடுத்து கரைவது குழாய்தான்.

பூமிக்குள் நடக்கும் அரிப்பு கண்ணுக்கு தெரியாது. குவாதலஹாராவில் வாடை காட்டிக்கொடுத்தது. அதற்கு பிறகும் மக்களை வெளியேற்றாததுதான் இத்தனை உயிர்களை பறித்துவிட்டது.