“படிக்கவே பிடிக்கலப்பா!”
பிள்ளை இப்படி சொன்னால் கையை ஓங்காதீர்கள்

காஞ்சீபுரம்.

விடியற்காலை 5 மணிக்கே விளக்கு எரிகிறது. டியூஷன், பள்ளிக்கூடம், மறுபடியும் டியூஷன். ராத்திரி 11 மணிக்கும் புத்தகம் மூடவில்லை.

காஞ்சீபுரத்தை அடுத்த முசரவாக்கம் ஆனாலும் சரி, சென்னை மாம்பலம் ஆனாலும் சரி, பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை உள்ள வீட்டில் இதுதான் கதை!

திடீரென்று ஒருநாள், “தலை வலிக்குது. பள்ளிக்கூடம் போகல” என்கிறான் பையன்.

“சோம்பேறி!” என்று பாய்கிறார் அப்பா.

சோம்பேறித்தனமா இது? இல்லை!

3 அடையாளங்கள்

தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு. “படிச்சு என்ன ஆகப்போகுது?” என்ற வெறுப்பு. “நான் எதுக்கும் லாயக்கில்ல” என்ற எண்ணம். இந்த மூன்றும் சேர்ந்தால் அது படிப்புச் சோர்வு என்கிறார்கள், பின்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள்.

ஏன் சொல்வதில்லை?

1990-களில் காஞ்சீபுரம் பட்டுத்தறிகளில் ஏராளமான சிறுவர்-சிறுமிகள் வேலை பார்த்தார்கள். அவர்களை மீட்டு படிக்கவைக்க தனிப்பள்ளிகளே நடந்தன.

“நான்தான் தறிக்குழியில கிடந்தேன். நீயாவது படிச்சு முன்னுக்கு வா” என்று பெற்றோர் ஆசைப்படுவது நியாயமே. ஆனால் வீட்டுக் கஷ்டம் தெரிந்த பிள்ளை, தன் கஷ்டத்தை வாய் திறந்து சொல்வதில்லை. அங்கேதான் ஆபத்து!

சுமை குறைகிறது

மாநில முதல் இடம், இரண்டாம் இடம் என்று அறிவிப்பதை தமிழக அரசு 2017-ல் நிறுத்தியது. 2018-ல் வந்த பிளஸ்-1 பொதுத்தேர்வும் 2025-ல் கைவிடப்பட்டது. பெயில் ஆனாலும் அந்த வருஷமே துணைத்தேர்வு எழுதலாம். ஒரு வருஷம் வீணாகாது.

சர்க்கார் சுமையை இறக்கினாலும், வீட்டில் ஏற்றினால் என்ன பயன்?

அப்பா-அம்மா, வாத்தியார், கூட்டாளி இவர்களில் ஒருவராவது காது கொடுத்து கேட்டால் பாதி பாரம் இறங்கிவிடும். பையன் வீட்டுக்கு வந்ததும் “எத்தனை மார்க்?” என்று கேட்காதீர்கள். “சாப்பிட்டியா? ஏன் முகம் வாடியிருக்கு?” என்று கேளுங்கள். பக்கத்து வீட்டு பையனோடு ஒப்பிடாதீர்கள். தூக்கத்தை கெடுக்காதீர்கள்.

வீட்டில் சொல்ல முடியாத பிள்ளைகள் 14417 என்ற கல்வி உதவி எண்ணில் பேசலாம். மனநல ஆலோசனைக்கு 14416. இரவு, பகல் எந்நேரமும் பேசலாம். காசு கிடையாது.

இழை அறுந்தால் நெசவாளி தறியை அடிப்பதில்லை. நிறுத்துகிறார். அறுந்த இடத்தை தேடி முடி போடுகிறார். அப்புறம்தான் நாடா ஓடுகிறது.

பிள்ளைக்கும் அதேதான்!